மஞ்சள் தடவிய அட்டை

அந்த ஃபேனுக்குக் கீழ உக்காராதம்மா. அது சத்தம் மட்டும்தான் போடும், காத்து வராது. இப்படி வா, இந்த ஓரமா உக்காரு. சன்னல்ல கொஞ்சம் காத்து வரும், ரோடும் தெரியும். எனக்கு ரோடு தெரியணும். ஒருத்தர் வரணும், அதான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

முதல் தடவையா? தெரியுது. ஃபைலைப் பிடிச்சிருக்கற பிடியிலேயே தெரியுது. நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன், பரீட்சைக்குப் போற மாதிரி. இப்ப பாரு, ஒயர் கூடையில சாப்பாட்டு டப்பாவோட போட்டு வச்சிருக்கேன். ஒரு தடவை ரசம் கொட்டி, கேஸ் கட்டே புளிச்சுப்போச்சு.

உனக்கு என்ன, வாஷிங் மிஷினா? தண்ணியை வெளிய கொட்டுதா? சரி, வரும்மா, நியாயம் உன் பக்கம் இருந்தா தீர்ப்பு வரும். ஆனா நாளாகும். எதிர்த்தரப்பு வக்கீல் வரலைன்னா வாய்தா. வந்தா, பதில் போட டைம் வேணும்னு வாய்தா. நான் லால்குடிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர். என் லீவெல்லாம் இந்த பெஞ்சுலயே தீந்துபோச்சு. ஆயாம்மா கேக்குறாங்க, டீச்சர், உங்களுக்குக் கோர்ட்டுலதான் சம்பளமான்னு.

என்னுதா? என்னுது கிஃப்ட் கார்டு. ஜவுளிக்கடை அட்டை. கடை பேரு வேணாம், கேஸ் நடக்கற சமயம். திருச்சியில மாடி மாடியா நிக்குதே, டிவியில பொண்ணுங்க பொடவையைப் பறக்க விட்டுக்கிட்டு ஓடுவாங்களே, அதுல ஒண்ணுன்னு வச்சுக்கோ. அட்டை மேல பத்தாயிரம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கொண்டுபோய்க் குடுத்தா, ரெண்டாயிரத்து சொச்சத்துக்குத்தான் செல்லும்ங்கறான். அவ்வளவுதான் கேஸ். ஒரு வரியில சொல்லிடலாம். ஒரு வருஷத்துக்கு மேல நடக்குறேன்.

சும்மா கிடைச்ச அட்டை இல்லம்மா அது. எங்கண்ணன் வச்ச சீர். அதுக்காகத்தான் இவ்வளவும். கடையில குலுக்கல்ல விழுந்த அட்டையா இருந்தா அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டு வந்திருப்பேன்.

எங்கண்ணன் பேரு ரெங்கராசு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். அப்பா போனப்போ எனக்குப் பதினாலு வயசு. அப்புறம் எல்லாம் அவருதான். என்னைக் கட்டிக்குடுத்ததும் அவருதான். கட்டிக்குடுத்ததோட கைகழுவிட்டுப் போற அண்ணனுங்க இருக்காங்கல்ல, அந்த ரகம் இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு பொங்கல் சீர் தப்பினது கிடையாது. கரும்பு, வெல்லம், பச்சரிசி, எனக்குப் பொடவை, இவருக்கு வேட்டி. பஸ் மேல ஏத்திக்கிட்டு வந்து இறங்குவாரு. எங்க தெருவுல அதுக்கே ஒரு பேரு உண்டு. செண்பகத்தோட அண்ணன் வந்தாச்சு, இனிமேதான் பொங்கலும்பாங்க. செண்பகம்ங்கறது நான்தான்.

என் மாமியார் வீட்டுல அதுவே எனக்கு ஒரு பலம். புகுந்த வீட்டுல யாராவது ஏதாவது சொன்னா, பொங்கல் வரட்டும், எங்கண்ணன் வருவாருன்னு மனசுக்குள்ள நினைச்சுக்குவேன். உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல? அப்பத் தெரியும் உனக்கு.

இவரோட தங்கச்சி ஒருத்தி இருக்கா, சுகந்தி. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவளுக்கு எங்கண்ணன் சீர் வந்தா வயித்துல நெருப்பு. தட்டுத் தட்டாத் தூக்கிப் பாப்பா. அவ அண்ணன் அவளுக்குச் செய்யலையாம். அவ பொண்ணு கல்யாணத்துக்கு எங்க வீட்டுக்காரரு தாய்மாமனா நின்னு வச்ச பொடவையைப் பத்தி இன்னும் பேசுவா. ஆடித் தள்ளுபடியில எடுத்துக் குடுத்தோமாம். எடுத்தது நான்தான். தள்ளுபடியில எடுத்தா பொடவை பொடவை இல்லாம போயிடுமா? சில பேருக்குக் குறை சொல்றதே வேலை.

சரி, அதை விடு. போன வருஷம் தை மாசம் என் பொண்ணு பவித்ராவுக்குக் கல்யாணம். எங்க பக்கம் நலங்குக்குப் பொண்ணு தாய்மாமன் எடுத்துக் குடுத்த பொடவையைத்தான் கட்டணும். முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீடு. நலங்குப் பொடவை மாமன் வீடு. அது என்ன விலை, என்ன கரை, எந்தக் கடைன்னு வந்தவங்க எல்லாம் முந்தியைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க.

அந்த வருஷம் எங்கண்ணனுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். கம்பெனியில ஆர்டர் இல்ல. வாரத்துல மூணு நாள் வேலைன்னுட்டாங்க. தீபாவளிக்கு போனஸ் காசாக் குடுக்காம, இந்த அட்டையை ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டானாம் முதலாளி. எங்கண்ணன் போன்ல சொன்னாரு, "செண்பகம், பத்தாயிரத்துக்கு அட்டை குடுத்திருக்காங்கம்மா. இதை அப்படியே பவி கல்யாணத்துக்கு வச்சிடுறேன். திருச்சியிலயும் அவங்க கடை இருக்காம். பாப்பாவே போய்ப் பிடிச்ச கலர்ல எடுத்துக்கட்டும்"னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க. தீபாவளிக்கு அதுங்களுக்குக் கூட எடுக்காம என் பொண்ணுக்குன்னு எடுத்து வைக்கிறாரேன்னு.

கல்யாணத்துக்கு ஒரு பத்து நாள் இருக்கறப்போ அண்ணனும் அண்ணியும் சீர் கொண்டு வந்தாங்க. பழம், தேங்காய், வெத்தலை பாக்கு, பூ, அதுக்கு நடுவுல இந்த அட்டை. அட்டைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, நடுவுல குங்குமம் வச்சிருந்தாங்க. பின்பக்கம், நம்பர் சுரண்டற இடம் ஒண்ணு இருக்கும்ல, அங்க எங்கண்ணி மஞ்சளைக் குழைச்சுக் கெட்டியா அப்பியிருந்தாங்க. மங்களம்னா எங்கண்ணிக்கு எல்லாமே கொஞ்சம் அதிகம்தான்.

எங்கண்ணன் நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாரு. புதுசு. கசங்காம இருந்துச்சு. சட்டை நல்லாருக்குண்ணேன்னு சொன்னேன். தீபாவளிக்கு எடுத்ததும்மான்னாரு. எனக்கு சந்தோசமா இருந்துச்சு. ஏதோ, அவருக்குன்னும் ஒண்ணு எடுத்துக்கிட்டாரேன்னு.

சுகந்தி அன்னைக்கும் வந்திருந்தா. "என்ன அண்ணி, உங்கண்ணன் இந்தத் தடவை அட்டையை வச்சிட்டாரு? பொடவையைக் கண்ணுல காட்டலையே"ன்னா. எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொன்னா. எங்கண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் விடுவேனா? "பத்தாயிரம் சுகந்தி. எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கோ"ன்னு அட்டையை அவ மூஞ்சிக்கு நேரா காட்டினேன். அப்பவே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். சொல்லிட்டேன்.

மறுவாரம் கடைக்குப் போனோம். நான், பவி, பொடவை பாக்கத் துணைக்குன்னு சுகந்தி. நான் கூப்பிடல. அவளே கிளம்பி நின்னா. மூணாவது மாடியில அரக்குல பச்சைக் கரை வச்ச ஒரு பொடவை. பவி தோள்ல போட்டுப் பாத்தா. கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, "அம்மா, மாமாவுக்குப் போட்டோ அனுப்பட்டா?"ன்னா. அனுப்புன்னேன். பத்தாயிரத்துக்கு ஒரு நூறோ இருநூறோ குறைச்சல். கச்சிதமா இருக்கு, அண்ணன் அளந்து குடுத்த மாதிரியேன்னு நான்தான் சொன்னேன்.

கீழ பில் போடற இடத்துல ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு, என் பொண்ணை விடச் சின்னது. அட்டையை மிஷின்ல தேச்சுச்சு. திரும்பத் தேச்சுச்சு. நம்பரைத் தட்டுச்சு. அப்புறம் என்னை நிமிந்து பாத்து, "இதுல ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம்தான்மா இருக்கு"ன்னுச்சு.

எனக்கு முதல்ல புரியல. மஞ்சள் ஒட்டியிருக்கும்மா, தொடச்சுட்டுப் போடுன்னேன். அதுவும் ஈரத் துணியால நல்லாத் தொடச்சுச்சு. மஞ்சள் போனதும் பாத்தா, பின்பக்கம் நம்பர் சுரண்டியிருந்துச்சு. கம்பெனியில சரிபாத்துக் குடுத்திருப்பாங்க. முதலாளின்னா அப்படித்தானே, எல்லாத்தையும் சரிபாப்பாங்க. மறுபடி போட்டுச்சு. அதே ரெண்டாயிரம். "அம்மா, இதுல ஏற்கெனவே எங்க திருப்பூர்க் கடையில வாங்கியிருக்காங்கம்மா. அக்டோபர் மாசம் பில் ஆகியிருக்கு"ன்னு மெதுவாத்தான் சொல்லுச்சு. பாவம், அது மேல தப்பே சொல்ல முடியாது. எனக்கு மட்டும் கேக்கற மாதிரிதான் சொல்லுச்சு.

ஆனா சுகந்திக்குக் காது பாம்புக் காது. "என்னம்மா சொல்றே? ஏற்கெனவே வாங்கியிருக்காங்களா? யாரு?"ன்னா. அவ மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு. இத்தனை வருஷம் எங்கண்ணன் கொண்டு வந்த கரும்பையும் வெல்லத்தையும் அந்த ஒரு சிரிப்புல அவ தின்னு தீத்துட்டா.

அப்பத்தாம்மா நான் கத்தினேன். என்னடி ஏமாத்துறீங்க, பத்தாயிரம்னு அச்சடிச்சு வச்சிட்டு ரெண்டாயிரம்ங்கறீங்க, பச்சைக் கொள்ளையா இருக்கேன்னு. கூட்டம் கூடிடுச்சு. மேனேஜர் வந்தாரு, அம்மா உள்ள வாங்க பேசிக்கலாம்னாரு. உள்ள எதுக்கு, இங்கேயே சொல்லுங்க, நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்னேன். எங்க கத்துக்கிட்டேங்கறே? ரேஷன் கடைச் செவுத்துல எழுதியிருக்கும், நுகர்வோரே விழித்திருங்கள்னு. அரிசி வாங்க நிக்கறப்போ தினம் படிச்சது. சும்மா கத்திட்டு, அந்தக் கோவத்துலயே விறுவிறுன்னு வெளிய வந்துடலாம்னுதான் சொன்னேன்.

சுகந்தி விட்டாளா? "ஆமா அண்ணி, விடவே கூடாது. கேஸ் போடுங்க. நானே கூட வர்றேன், எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சு, தெருவுல சொல்லியாச்சு, அண்ணி கேஸ் போடப் போறாங்கன்னு. நீயே சொல்லு. போடாம விட்டா என்ன அர்த்தம்? கடைக்காரன் சொன்னது நிசம்னு அர்த்தம். கடைக்காரன் சொன்னது நிசம்னா, எங்கண்ணன்... அதனாலதாம்மா போட்டேன். வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

பொடவைக்கு என்ன பண்ணினேனா? அதை ஏன் கேக்குறே. கல்யாணத்துக்கு நாள் இல்ல. என் வளையல் ஒண்ணை அடகு வச்சு, மறுநாள் தனியாப் போய் வேற கடையில அதே அரக்குல ஒரு பொடவை எடுத்தேன். வீட்டுல என்ன சொல்றது? எங்கண்ணன்கிட்ட கடைக்காரன் பண்ணினதைச் சொன்னேன், துடிச்சுப்போயிட்டாரு, அடுத்த நிமிசமே போன்ல பணம் அனுப்பிட்டாருன்னு சொல்லிட்டேன். பொய்தான். ஆனா அவரு காதுல விசயம் விழுந்திருந்தா நிச்சயம் அப்படித்தான் பண்ணியிருப்பாரு. நடந்திருக்க வேண்டியதை நான் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

நலங்கு அன்னைக்கு வந்த ஜனமெல்லாம் அவர்கிட்ட போய், "ரெங்கராசு, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு தெரிஞ்சதும் உடனே பணத்தை அனுப்பிட்டியாமே, அண்ணன்னா நீதாய்யா"ன்னு கையைப் பிடிச்சுக் குலுக்குறாங்க. அவரு கையை உருவிக்கிட்டு, மணவறைக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையே பாத்தாரு. நானும் பாத்தேன். பவி அந்த அரக்குப் பொடவையில வந்து அவரு கால்ல விழுந்தா. சாப்பாட்டுப் பந்தியில இலையில உக்காந்தவரு பாதியில எந்திரிச்சுட்டாரு. முகூர்த்தம் முடிஞ்சதும் கிளம்பிட்டாரு. ராத்திரி பஸ்ல வந்தது அவருக்கு ஒத்துக்கல, வயித்துக்கு முடியல போலருக்கு.

அப்புறம் ஒரு பொங்கல் போயிடுச்சு. வரல. வேலை அதிகம்மா, பணத்தை அனுப்புறேன், நீயே ஏதாவது எடுத்துக்கோங்கறாரு. வாரத்துல மூணு நாள்தான் வேலைன்னாங்களே, இப்ப நல்லா வேலை வந்துடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன். தெருவுல கேட்டா அப்படித்தான் சொல்றேன்.

கேஸ் போட்டதை அவர்கிட்ட போன்ல சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா? "எதுக்கும்மா கேஸு, விட்டுடு செண்பகம். எவ்வளவு குறையுதோ அதை நான் குடுத்துடுறேன். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துடுறேன்"ன்னாரு. பாத்தியா மனசை? எவனோ ஒரு கடைக்காரன் பண்ணின தப்புக்கு இவரு குடுக்கறேங்கறாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. நீங்க எதுக்குண்ணே குடுக்கணும், அவன்கிட்ட நான் வாங்கிக் காட்டுறேன்னேன்.

பவி ஒரு நாள் சொன்னா, "அம்மா, கோர்ட்டு கேஸுன்னு அலையறதுக்கு, மாமாகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுடேன்"னு. வாயை மூடுடின்னேன். சீர் கொண்டு வந்தவங்ககிட்ட கணக்குக் கேக்கற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. தட்டை முந்தானையில ஏந்தித்தான் வாங்குவோம். ஏந்தி வாங்கினதைப் போய் எண்ணிப் பாக்கறதா? கேட்டுட்டா அப்புறம் அவரு எனக்கு அண்ணனா, நான் அவருக்குத் தங்கச்சியா? கடைக்காரன்கிட்ட ஆயிரம் கேக்கலாம். அவன் யாரோ, நான் யாரோ.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தக் கோர்ட்டுல நல்லாத்தான் விசாரிக்கிறாங்க. கூண்டு கீண்டெல்லாம் கிடையாது, பயப்படாதே. மேசைக்கு முன்னாடி நின்னு பேசணும், அவ்வளவுதான். ஜட்ஜு மாதிரி ஒரு தலைவரு, அவருகூட ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு. அவங்கதான் போன தடவை கடை வக்கீலைப் பிடிச்சுக்கிட்டாங்க. வக்கீல் எந்திரிச்சு, திருப்பூர்க் கடை பில் இருக்கு, இந்த அட்டையில ஆண்கள் சட்டை ஒண்ணு, பையனுக்கு பேன்ட் சட்டை, பொண்ணுக்கு சுடிதார், காட்டன் சேலை ஒண்ணு வாங்கியிருக்காங்கன்னு வாசிச்சாரு. வாசிக்கறப்போ எனக்கு என்னமோ காது அடைச்சுக்கிச்சு. இங்க ஃபேன் சத்தம் அப்படி.

அந்த அம்மா கேட்டாங்க, "அதெல்லாம் இருக்கட்டும். மேல பத்தாயிரம்னு அச்சடிச்சிருக்கீங்க. பாதிக்கு மேல தீந்ததுக்கப்புறமும் அதே எழுத்தோட அட்டையைத் திருப்பிக் குடுத்திருக்கீங்க. அதை இன்னொருத்தர் பரிசா வாங்கினா அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஓட்டையாவது போட்டுக் குடுத்தீங்களா? மேல எங்கயாவது எழுதினீங்களா?"ன்னு. வக்கீல் ஃபைலைப் புரட்ட ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு உச்சி குளுந்துபோச்சு. ஒரு வருசத்துல அன்னைக்குத்தாம்மா நான் நிம்மதியா சாப்பிட்டேன். உன் மிஷின் கேஸும் அந்த அம்மாகிட்ட வந்தா பயப்படாதே.

ஆனா தலைவர் இன்னொண்ணு சொல்லிட்டாரு. "அட்டையை முதல்ல கையில வாங்கினவர் உங்க அண்ணன்தானே? அவரு ஒரு தடவை வந்து, முழுசா இருந்த அட்டையைத்தான் குடுத்தேன்னு சொல்லட்டும். சொல்லிட்டா அந்த பில்லை நாங்க நம்பணுமா வேணாமான்னு பாத்துக்கறோம். உங்களுக்கு சாதகமாத்தான் இருக்கு"ன்னாரு. சுகந்தி அன்னைக்குக் கூட வந்திருந்தா. பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டா. "ஜெயிச்சாச்சு அண்ணி, உங்கண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"ங்கறா. இன்னைக்கும் வர்றா. அடுத்த பஸ்ல வந்துக்கிட்டிருக்கா. எங்கண்ணன் சொல்றதை அவ காதால கேக்கணுமாம்.

எங்கண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். வர்றேன்னுட்டாரு. மறுபேச்சு பேசல. தப்பு பண்ணினவரா இருந்தா வர்றேம்பாரா? நீயே சொல்லு.

இன்னைக்குக் காலையில பஸ்ஸு ஏறிட்டு அவரே கூப்பிட்டாரு. "செண்பகம், நான் கிளம்பிட்டேன். அங்க வந்து நான் என்ன சொல்லணும்?"னாரு. பாரு, எவ்வளவு பாசம். அவரா ஒண்ணைச் சொல்லி எனக்குக் கெடுதலாயிடக் கூடாதேன்னு என்கிட்டயே கேக்குறாரு. நடந்ததைச் சொன்னாப் போதும்ணேன்னேன்.

அந்தப் பக்கம் பஸ் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. லைன் போயிடுச்சோன்னு பாத்தேன். போகல. அப்புறம் கேக்குறாரு, "நடந்ததையேவாம்மா?"ன்னு.

அதுலேருந்து எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கும்மா. சோறு கட்டிக்கிட்டு வந்திருக்கேன், டப்பாவைத் திறக்கப் பிடிக்கல. எங்கண்ணன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்ல. அப்பா செத்தப்போ கூட, நான் இருக்கேன் பாப்பான்னுதான் சொன்னாரு. இந்தக் குரல்ல சொல்லல.

அதோ. ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சு. பாரு. நீலக் கட்டம் போட்ட சட்டை. அவருதான். எப்ப வந்தாருன்னே தெரியல, நான் உன்கூடப் பேசிக்கிட்டே இருந்துட்டேன். டீ வாங்கி வச்சுக்கிட்டு குடிக்காமயே உக்காந்திருக்காரு. எவ்வளவு இளைச்சுட்டாரு. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. இருக்கறதுல நல்ல சட்டை அதுதான் போலருக்கு. கோர்ட்டுக்குப் போறோமேன்னு எடுத்துப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு.

அந்தச் சட்டையைப் போய் போட்டுக்கிட்டு வந்திருக்காரே.

இல்லம்மா. நீ நினைக்கறது தப்பு. உன் மூஞ்சியிலயே தெரியுது நீ என்ன நினைக்கறேன்னு. எங்கண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல. தங்கச்சி பிள்ளைக்குன்னு வச்சதைத் தொடற ஆளே இல்ல. அப்படியே ஒரு பேச்சுக்குத் தொட்டிருந்தா, தீபாவளி அன்னைக்கு வாசல்ல எல்லாப் பிள்ளைங்களும் புதுசு போட்டுக்கிட்டு வெடி வெடிக்குது, நம்ம பிள்ளை ரெண்டும் கதவுக்குப் பின்னாடி நிக்குதுன்னா, எந்த அப்பன் தாங்குவான்? அடுத்த மாசம் வேலை வந்துடும், திருப்பி நிரப்பிடலாம்னு நினைச்சிருப்பாரு. நிரப்ப முடியாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? கட்டிங் மாஸ்டரு அவரு. நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அவரு அப்படிப் பண்ணல.

அந்த வக்கீல் இப்ப வந்துடுவாரு. சுகந்தி பஸ்ஸும் வந்துடும்.

உன்கிட்ட பேனா இருக்குல்ல? வெள்ளைத்தாளும் இருக்குல்ல, ஃபைல்ல? ஒண்ணு குடும்மா. ஒரு உதவி பண்ணு, நீயே எழுது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், முட்டைக் கணக்குல ஒண்ணு தப்பாம எழுதறவதான். ஆனா இதை என் கையால எழுத வரல.

மேல ஐயான்னு போடு. கேஸ் நம்பர் இதோ இந்தக் கட்டு மேல இருக்கு, புளிக்கறைக்குப் பக்கத்துல. என் வழக்கை நான் வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுது. போன வாரமே அந்த கிளார்க்கைக் கேட்டு வச்சேன், ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும்னாரு. ஏன் அப்பவே கேட்டு வச்சேன்னு கேக்காதே. சும்மாத்தான் கேட்டு வச்சேன்.

அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு வருத்தமா இருக்கும். எனக்காக அவ்வளவு பேசினாங்க. என்ன பண்றது.

சுகந்திக்கு என்ன சொல்றதா? கடைக்காரன் கால்ல விழாத குறையாக் கெஞ்சினான், பாக்கிக்குப் பொடவை குடுத்துட்டான்னு சொல்லிக்கறேன். பொடவையைக் காட்டுங்க அண்ணிம்பா. பாக்காம சும்மா விடுவாளா? இன்னொரு வளையல் இருக்கு, பாத்துக்கலாம். ஒரு அண்ணனுக்காக நான் இன்னும் எத்தனை பொடவைதான் எடுக்கணுமோ.

எழுதிட்டியா? அடியில காரணம்னு ஒண்ணு போடணும்னாரு கிளார்க்கு. என்ன போடறது? பணம் வந்துடுச்சுன்னு எழுதினா ரசீது கேப்பாங்க. உடம்பு சரியில்லைன்னா இன்னொரு வாய்தா குடுத்துடுவாங்க, அவரு திரும்பவும் இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரணும். வேணாம்.

அதோ பாரு, எந்திரிச்சுட்டாரு. டீயை அப்படியே வச்சுட்டாரு. ரோட்டைத் தாண்டப் போறாரு. அவரு மேல வர்றதுக்குள்ள இதை உள்ள குடுத்துட்டு நான் கீழ இறங்கிடணும். வாங்கண்ணே, கேஸ் முடிஞ்சுபோச்சு, வீட்டுக்குப் போய் சாப்பிடலாம்னு கூட்டிட்டுப் போயிடணும். சோறு இருக்கு.

சமாதானமாப் போயிட்டோம்னு எழுதும்மா. அது போதும், சமாதானமாப் போயிட்டோம்.

யாரோடன்னு கேக்க மாட்டாங்கள்ல?